கண்டெய்னர் கப்பல் விபத்தும் நம் கரையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் எரிந்தது. 2025 மே மாதம் கொச்சிக்கு அருகே எம்எஸ்சி எல்சா 3 மூழ்கியது. இரண்டிலும் ஏற்றியிருந்த சரக்கு கரையில் இருப்பவர்களுக்குச் சொந்தமானதல்ல. ஆனாலும் வலையை எடுத்து வைத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியிருந்தது அவர்கள்தான். மீனவர்கள், கடற்கரைத் தன்னார்வலர்கள், உள்ளாட்சிப் பொறுப்பாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம்.

எக்ஸ்-பிரஸ் பேர்லில் நடந்தது என்ன?

அது சிங்கப்பூர் கொடியோடு ஓடிய, சேவைக்கு வந்து நான்கு மாதங்கூட ஆகாத புதுக் கப்பல். ஏற்றியிருந்தவை 1,486 கண்டெய்னர்கள். அவற்றில் 81 அபாயகரச் சரக்கு. 25 டன் நைட்ரிக் அமிலமும் அதில் அடக்கம். பிளாஸ்டிக் குருணை சுமார் 1,680 டன் இருந்தது.

அமிலக் கண்டெய்னர் ஒன்று கசிவதை மே 11 அன்றே கப்பலில் இருந்தவர்கள் அறிந்திருந்தார்கள். அதை இறக்கிக்கொள்ளும்படி கத்தாரின் ஹமாத் துறைமுகத்திடமும் குஜராத்தின் ஹசிராவிடமும் கேட்டதாகவும், இதைக் கையாளும் வசதியும் ஆட்களும் உடனடியாக இல்லை என்று இரு இடத்திலும் பதில் வந்ததாகவும் கப்பலை இயக்கிய நிறுவனம் கூறியது. கசிவோடே கப்பல் கொழும்பு நோக்கி வந்தது. மே 19 இரவு கொழும்புக்கு வெளியே நங்கூரமிட்டது, 20ஆம் தேதி தீப்பிடித்தது, 25ஆம் தேதி பெரும் வெடிப்பு நிகழ்ந்தது. கப்பலில் இருந்த 25 பேரும் மீட்கப்பட்டார்கள். தீ அடங்கிய பிறகு ஜூன் 2 அன்று ஆழ்கடலுக்கு இழுத்துப் போக முயன்றபோது பின்பகுதி தரைதட்டி உட்கார்ந்துவிட்டது. ஜூன் 17 அன்று கப்பல் முழுதாக மூழ்கியது.

தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் நேரம் அது. நீர்கொழும்புப் பக்கம், குறிப்பாகச் சரக்குவக் கடற்கரையில், குருணை மணலை மூடும் அளவுக்கு வந்து குவிந்தது. இலங்கை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் அளித்த தீர்ப்பில் 417 ஆமைகள், 48 டால்ஃபின்கள், 8 திமிங்கிலங்கள் இறந்ததைக் குறிப்பிட்டது.

ஒரு கண்டெய்னர் கசிந்ததற்குக் கப்பலே எரியுமா?

எரியும். நைட்ரிக் அமிலம் தானாக எரிவதில்லை, எதிரில் இருப்பதை எரியத் தூண்டும். கண்டெய்னரின் தரை பெரும்பாலும் பிளைவுட். அமிலம் மரத்திலும் அட்டைப்பெட்டியிலும் துணியிலும் ஊறினால் வெப்பம் கிளம்பும். இரும்பை அரித்துச் செம்பழுப்பு நிற நச்சுப்புகை எழும். வெப்பம் வெளியேற வழியில்லாத இடத்தில் அது ஏறிக்கொண்டே போய்த் தீயாக மாறும்.

அணைப்பது இன்னும் கடினம். அடைத்துப் பூட்டிய இரும்புப் பெட்டிக்கு வெளியே எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் உள்ளே இருக்கும் தீயைத் தொடாது. வெளிச்சுவரைக் குளிர்வித்துப் பக்கத்துப் பெட்டிக்குப் பரவாமல் தடுக்கலாம், அவ்வளவுதான். ஐந்தாறு அடுக்கு உயரத்தில், அடுத்த பெட்டியில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல், காற்று வீசும்போது இதைச் செய்ய வேண்டும்.

துறைமுகங்கள் ஏன் மறுக்கின்றன? மறுப்பது சட்டப்படி சரியா?

நெருக்கடியில் உள்ள கப்பலை ஏற்றே தீர வேண்டும் என்று எந்த நாட்டையும் கட்டாயப்படுத்தும் சர்வதேசச் சட்டம் இல்லை. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2003இல் புகலிட வழிகாட்டுதல்களை வெளியிட்டது, 2023இல் புதுப்பித்தது. இரண்டும் வழிகாட்டுதல்களே, ஆணைகள் அல்ல.

ஒரு துறைமுக அதிகாரியின் கண்ணில் கணக்கு எளிது. ஏற்றுக்கொண்டு விபத்து நடந்தால் பழி அவருடையது. போகச் சொன்னால் பொறுப்பு அடுத்தவருடையது. 2002இல் பிரெஸ்டீஜ் என்ற எண்ணெய்க் கப்பல் ஸ்பெயினின் கலீசியக் கரையருகே உடைப்பெடுத்தபோது இதுவே நடந்தது. கரைக்கு விடாமல் ஆழ்கடலுக்கு விரட்டினார்கள். ஆறு நாள் கழித்து அது இரண்டாக உடைந்து, 60,000 டன்னுக்கும் மேல் கனரக எண்ணெய் கடலில் கலந்தது; அந்தக் கலீசியக் கரையே கறுத்தது.

நம் பார்வையில், கப்பல் விபத்துகளில் மிகப் பெரிய அபாயம் அமிலமோ எண்ணெயோ அல்ல, இந்த 'வேறு எங்காவது போ' என்ற பதில்தான். கசியும் பெட்டியை அமைதியான துறைமுகத்தில், கிரேன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கையில் இறக்குவது ஒருநாள் வேலை. அதே பெட்டி சில நாள் கழித்து, பருவக்காற்றில், பலவகைச் சரக்குக்கு நடுவே எரியும்போது ஒரு நாட்டின் கடற்படையாலும் அதை அடக்க முடியவில்லை. ஒருவர் தள்ளிவிட்ட ஆபத்து குறைவதில்லை. வசதி குறைந்த கரையைத் தேடிப் போய், பெரிதாகி நிற்கிறது.

பிளாஸ்டிக் குருணை என்றால் என்ன? எண்ணெயைவிட மோசமா?

வாளி, பை, குழாய் எதுவானாலும் ஆலைக்கு மூலப்பொருளாக வருவது இதுதான். ஆங்கிலத்தில் நர்டில் என்பார்கள். 2 முதல் 5 மில்லிமீட்டர், வெள்ளை அல்லது நிறமற்றது. ஈர மணலில் கிடக்கும்போது யாரோ ஜவ்வரிசியைக் கொட்டிவிட்டுப் போனது போலிருக்கும்; குனிந்து விரலால் நசுக்கினால்தான் நசுங்காதது தெரியும். மீனுக்கும் பறவைக்கும் அது முட்டையாகத் தெரிகிறது.

ஒரு குருணை சுமார் 20 முதல் 25 மில்லிகிராம். அப்படியானால் 25 கிலோ மூட்டை ஒன்று கிழிந்தால் குறைந்தது பத்து லட்சம் குருணை. எக்ஸ்-பிரஸ் பேர்லில் இருந்த 1,680 டன்னைக் கணக்கிட்டால் சுமார் 6,700 கோடி முதல் 8,400 கோடி வரை வரும்.

எண்ணெய் கறுப்பாகத் தெரியும், நாறும், நாளடைவில் ஓரளவு நுண்ணுயிர்களால் சிதையும். குருணை சிதையாது. வெயிலில் பழுப்பேறி, வெடித்து, இன்னும் சிறிதாகும். கடலில் ஏற்கெனவே கலந்திருக்கும் டிடிடி, பிசிபி போன்ற நச்சுகளைத் தன் மேற்பரப்பில் ஒட்டவைத்துக்கொள்ளும். எரிந்த குருணை இன்னும் சிக்கலானது. ஒன்றோடொன்று உருகி, கருகிய கட்டிகளாகக் கிடைக்கும், பல புதிய வேதிப்பொருள்கள் அதில் உருவாகியிருக்கும். நொறுங்கும் தன்மை உள்ளதால் கையில் எடுத்தாலே தூளாகும். பார்ப்பதற்குக் கல் போலவோ தார் உருண்டை போலவோ இருப்பதால் சுத்தம் செய்பவர்கள் அதை விட்டுவிட்டுப் போகிறார்கள். அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

கேரளத்தில் மூழ்கிய கப்பலின் குருணை ராமேஸ்வரத்துக்கு எப்படி வந்தது?

எம்எஸ்சி எல்சா 3 விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது. 2025 மே 24 அன்று சாய்ந்தது, 25 காலை மூழ்கியது. 24 பேரும் மீட்கப்பட்டார்கள். 640 கண்டெய்னர்கள், டாங்கிகளில் 367 டன் ஃபர்னஸ் ஆயில், 84 டன் டீசல்.

பாலிஎத்திலீன் குருணையின் அடர்த்தி 0.92 முதல் 0.96. கடல்நீர் சுமார் 1.025. ஆகவே மேற்பரப்பில் மிதக்கும், காற்றும் நீரோட்டமும் தள்ளிய பக்கம் போகும். தென்மேற்குப் பருவக் காலத்தில் இந்தியாவின் மேற்குக்கரையை ஒட்டி நீரோட்டம் தெற்காகப் போய், குமரிமுனையைச் சுற்றிக் கிழக்கே திரும்புகிறது. முதலில் திருவனந்தபுரம், பிறகு கன்னியாகுமரி மாவட்டம், ஜூனில் தனுஷ்கோடி, மன்னார், யாழ்ப்பாணம். ஒரே கப்பலின் சரக்கு இரண்டு நாடுகளின் தமிழ்க்கரைகளில் ஒரே மாதத்தில் ஒதுங்கியது.

கரையில் கண்டெய்னரோ பீப்பாயோ ஒதுங்கினால் என்ன செய்வது?

தொடாதீர்கள். திறக்காதீர்கள். குறைந்தது 200 மீட்டர் தள்ளி நில்லுங்கள், அதுவும் காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து பெட்டியை நோக்கி வீசும் பக்கமாக. பீடி, அடுப்பு, மோட்டார் எதுவும் வேண்டாம். இந்தியாவில் 112, கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. இலங்கையில் போலீஸ் 119.

அழைக்கும்போது சொல்ல வேண்டியவை: இடம், பெட்டி மூடியிருக்கிறதா உடைந்திருக்கிறதா, புகை அல்லது வாடை உண்டா, பெட்டியின் எண். நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கதவிலும் பக்கவாட்டிலும் பெரிதாக எழுதப்பட்டிருக்கும். தூரத்திலிருந்தே செல்போனில் பெரிதாக்கிப் படம் எடுத்தால் படிக்கலாம். அந்த எண்ணை வைத்து உள்ளே என்ன என்று கப்பலின் சரக்குப் பட்டியலில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சாய்சதுர வடிவ அட்டை ஒட்டியிருந்தால் அதன் நிறத்தையும் அடியில் உள்ள எண்ணையும் சொல்லுங்கள். சிவப்பில் 3 என்றால் தீப்பற்றும் திரவம். மஞ்சளில் 5.1 என்றால் தீயைத் தூண்டுவது. 8 என்றால் அரிக்கும் பொருள். நீலத்தில் 4.3 என்றால் தண்ணீர் பட்டால் ஆபத்து.

இந்தக் கடைசி வகையை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும்: மாம்பழத்தைப் பழுக்கவைக்கத் திருட்டுத்தனமாக வைக்கும் கார்பைடு கல். எல்சா 3இல் 12 கண்டெய்னர்களில் கால்சியம் கார்பைடு இருந்தது. தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் வாயு வரும், வெல்டிங் பட்டறையில் எரிக்கும் அதே வாயு. அடைத்த பெட்டிக்குள் அது சேர்ந்திருக்கும்போது கதவைக் கடப்பாரையால் நெம்பினால் ஒரு பொறி போதும்.

குருணையை எப்படி அள்ளுவது?

அவசரப்பட்டு ஜேசிபியைக் கூப்பிடுவதுதான் எங்கும் நடக்கும் முதல் தவறு. சக்கரம் ஏறினால் மேலே கிடந்த குருணை ஒரு முழ ஆழத்துக்குப் புதையும். ஒரு கிலோ குருணைக்காக நூறு கிலோ மணல் லாரி ஏறும். அப்புறம் அந்த மணலை எங்கே வைப்பது என்ற பிரச்சினை மாதக்கணக்கில் நிற்கும். கடற்கரையும் குழியாகி அரிக்கத் தொடங்கும்.

கையால் செய்யும் முறை மெதுவானது, ஆனால் உருப்படியானது. நீர் வற்றத் தொடங்கியதும் இறங்குங்கள். அலை கடைசியாகத் தொட்டுவிட்டுப் போன கோட்டில், பாசியும் குச்சியும் சேர்ந்து கிடக்கும் வரிசையில்தான் குருணை அதிகம். அதற்கு மேலே, போன வாரத்துப் பழைய கோடு ஒன்று இருக்கும், அதையும் பாருங்கள். பெருக்குமாறும் குப்பைவாரியும் கொண்டு மேல் இரண்டு சென்டிமீட்டரை மட்டும் வழித்தெடுத்தால் போதும்.

காய்ந்த மணல் என்றால் இரண்டு சல்லடை. மேலே 6 மில்லிமீட்டர் கண். சிப்பியும் குச்சியும் நிற்கும், குருணை விழும். கீழே 1 முதல் 1.5 மில்லிமீட்டர் கண். குருணை நிற்கும், மணல் விழும். கட்டுமானக் கடையில் மணல் சலிக்கும் வலையும், மாவு சல்லடையைவிடச் சற்றுப் பெரிய கண்ணுள்ள வலையும் மரச்சட்டத்தில் அடித்தால் ஆயிற்று. மேல் சல்லடையில் உருகிய கட்டிகள் தங்கும், அவற்றைக் குப்பையோடு கொட்டிவிடாமல் பொறுக்குங்கள்.

ஈர மணல் சல்லடையில் அடைத்துக்கொள்ளும். அதற்கு வாளி முறை. 20 லிட்டர் பெயின்ட் வாளியில் பாதி கடல்நீர், கால்வாசி மணல், கையால் நன்றாகக் கலக்கி அரை நிமிடம் விடுங்கள். மணல் அடியில் உட்காரும், குருணை மேலே மிதக்கும். டீ வடிகட்டியால் வழித்தெடுங்கள். இரண்டாம் முறை கலக்கினால் இன்னும் கொஞ்சம் மேலே வரும், மூன்றாம் முறைக்குப் பெரும்பாலும் தேவையிருக்காது. நைலான், பெட் (தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்) போன்ற கனமான குருணை மிதக்காது என்பதால் முதல் வாளியிலேயே அடிமணலை ஒரு கைப்பிடி எடுத்து விரித்துப் பாருங்கள்.

ரப்பர் கையுறையும் மூடிய செருப்பும் எப்போதும் வேண்டும். எரிந்த குருணை என்றால் முகக்கவசமும். சிறுவர்களையும் கர்ப்பிணிகளையும் இந்த வேலையில் இறக்கக் கூடாது.

அள்ளியதை நேரே யூரியா சாக்கில் போடாதீர்கள், தையல் இடுக்கில் குருணை ஒழுகிக்கொண்டே வரும். உள்ளே தடிமனான பாலித்தீன் உறை வேண்டும். 15 கிலோவுக்கு மேல் கட்டினால் தூக்கும்போது கிழியும். ஒவ்வொரு மூட்டையிலும் இடம், தேதி, எடை எழுதி, நிழலில், மழைநீர் அடித்துப் போகாத மேட்டில் அடுக்குங்கள். எரிப்பதும் புதைப்பதும் கூடவே கூடாது. பழைய இரும்புக்காரருக்கு விற்பதும் வேண்டாம். அது அபாயகரக் கழிவு மட்டுமல்ல, வழக்கின் சான்றும்கூட.

அடம்பங்கொடி படர்ந்த மேட்டில் பெருக்குமாறு போடாதீர்கள், கையால் பொறுக்குங்கள். கொடி போனால் மணல்மேடு போகும். ஆமைக் கூடு இருக்கும் இடமென்றால் வனத்துறையைக் கேட்டுவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும்.

மீன் சாப்பிடலாமா?

மீன்வளத்துறை தடை விதித்த பகுதியில் பிடித்த மீன் வேண்டாம். தடை இல்லாத இடத்து மீனைப் பயந்து ஒதுக்கத் தேவையில்லை. குருணை மீனின் குடலில்தான் தங்கும், சதைக்குள் போகாது. செவுளையும் குடலையும் சுத்தமாக எடுத்துக் கழுவுங்கள். நெத்திலியை முழுதாகப் பொரிக்கும் பழக்கம் உள்ளவர்கள் கொஞ்ச காலம் தலையையும் குடலையும் கிள்ளிப் போடுங்கள். டீசல் வாடை அடிக்கும் மீனை, எவ்வளவு புதிதாக இருந்தாலும், வாங்காதீர்கள். கழுவினாலும் சமைத்தாலும் அந்த வாடை போகாது.

இலங்கையிலும் கேரளத்திலும் மீன்பிடித் தடையோடு சேர்த்து, சந்தையில் மீனை வாங்க ஆளில்லாமல் போனதும் பெரிய இழப்பு. தடை இல்லாத ஊர்களிலும் விலை விழுந்தது.

நஷ்டஈடு கிடைக்குமா? எவ்வளவு?

இங்கேதான் சட்டம் கரையில் இருப்பவரின் பக்கம் இல்லை. கப்பல் உரிமையாளரின் பொறுப்புக்கு உச்சவரம்பு வைக்கும் சர்வதேச உடன்படிக்கை ஒன்று 1976இலிருந்து உண்டு, 1996இல் அதைத் திருத்தினார்கள். அந்த வரம்பைக் கணக்கிடுவது கப்பலின் டன் அளவை வைத்து. நேர்ந்த சேதத்தை வைத்து அல்ல. எக்ஸ்-பிரஸ் பேர்ல் விஷயத்தில் லண்டன் நீதிமன்றம் 2023இல் ஏற்ற வரம்பு 1.9 கோடி பவுண்டு. இலங்கை உச்ச நீதிமன்றம் 2025இல் உத்தரவிட்டது 100 கோடி டாலர். இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பாருங்கள். அவ்வளவு தொகையைக் கொடுக்கப் போவதில்லை என்று நிறுவனம் அறிவித்தது. எல்சா 3க்காகக் கேரள அரசு கேட்டது 9,531 கோடி ரூபாய். உயர் நீதிமன்றம் இடைக்காலப் பிணையாக 1,227.62 கோடி என்று நிர்ணயித்தது. அபாயகரச் சரக்குக்கென்றே தனி நிதியம் அமைக்கும் உடன்படிக்கை 1996இலேயே எழுதப்பட்டு 2010இல் திருத்தப்பட்டது, ஆனால் 2025 முடியும்வரை நடைமுறைக்கு வரவில்லை.

எந்த நீதிமன்றமானாலும் கேட்பது தாள். படகுப் பதிவு, டீசல் ரசீது, ஏலச் சீட்டு, முந்தைய ஆண்டு அதே மாதத்தின் பிடிப்புக் கணக்கு, கிழிந்த வலையைக் கண்டெய்னர் துண்டோடு சேர்த்துத் தேதி தெரியும்படி எடுத்த படம்: இவற்றை விபத்து நடக்கும் முன்பே சேர்த்து வையுங்கள். நடந்த பிறகு உருவாக்கும் கணக்கை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே கேள்வியில் உடைத்துவிடுவார்.

மிகவும் ஏமாந்து போகிறவர்கள் கூடை சுமந்து விற்கும் பெண்களும் கருவாடு காயவைப்பவர்களும். படகு அவர்கள் பெயரில் இல்லை, ரசீதும் இல்லை. அரசுக் கணக்கில் அவர்கள் மீனவரே அல்ல. சங்கமோ மகளிர் குழுவோ செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு: ஆளுக்கு ஒரு நோட்டு, நாள்தோறும் வாங்கிய கிலோ, விலை, விற்ற தொகை, ஏலக்காரரின் கையெழுத்து. வாரம் ஒருமுறை செயலாளர் முத்திரை. ஒரு வருட நோட்டு இருந்தால் இழந்த வருமானத்தைக் கணக்காகவே வைக்கலாம்.

விதிகள் மாறியிருக்கின்றனவா?

கொஞ்சம். குருணையை உறுதியான மூட்டையில் கட்ட வேண்டும், சரக்குப் பட்டியலில் தெளிவாகக் குறிப்பிட வேண்டும், முடிந்தவரை மேல்தளத்தில் அல்லாமல் கீழ்த்தளத்தில் ஏற்ற வேண்டும் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2024 மார்ச்சில் பரிந்துரைத்தது. இது கட்டாயமில்லை. அது வெளியாகி ஓராண்டுக்குப் பிறகுதான் எல்சா 3இன் குருணை கன்னியாகுமரிக்கு வந்தது. பரிந்துரையைக் கட்டாய விதியாக மாற்றுவதும், கசியும் பெட்டியை ஏற்கும் வசதியுள்ள ஒரு புகலிடத் துறைமுகத்தை ஒவ்வொரு கடற்பகுதிக்கும் முன்கூட்டியே அறிவித்து வைப்பதும் உடனடியாகத் தேவை.

உள்ளூரில் ஆயத்தம் என்பது இன்னும் எளிய விஷயம். 2017 ஜனவரியில் எண்ணூரில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது ஆட்கள் வாளியால் அள்ளிக்கொண்டிருந்தார்கள். கடலோர ஊராட்சி ஒவ்வொன்றிலும் பத்து ஜோடிச் சல்லடை, ஐம்பது ஜோடிக் கையுறை, நூறு உறையிட்ட சாக்கு பூட்டிவைக்க ஒரு பீரோ போதும்.

ஒருமுறை சுத்தம் செய்துவிட்டால் முடிந்ததா?

இல்லை. மணலில் புதைந்தது அடுத்த கச்சான் (தென்மேற்கு) காற்றில் கரை அரிக்கும்போது மீண்டும் மேலே வரும், கடலில் மிதந்துகொண்டிருப்பதும் புதிதாக ஒதுங்கும். கரையில் மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அலைக்கோட்டில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரத்தைக் கயிற்றால் கட்டி, மேல்மணலில் கிடக்கும் குருணையை எண்ணி எழுதுங்கள். மாதம் ஒருமுறை, அதே இடத்தில், ஓதம் வற்றிய நேரத்தில். ஜூன் முதல் செப்டம்பர் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை. எண்ணிக்கை சட்டென்று ஏறினால் படத்தோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மீன்வளத்துறைக்கும் அனுப்புங்கள், பிரதி ஒன்றைச் சங்கத்தில் வையுங்கள்.